நியுவே தீவுக்குப் போன சாம்பியன் ரீப்ஸ் ரோப்காரன்

புதன்கிழமை காலையில் ஆக்லாந்தில் விமானம் ஏறினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நியுவே தீவில் இறங்கினேன். நான் ஒன்றும் மாற்றி எழுதிவிடவில்லை. நடுக்கடலில் தேதிக்கோடு என்று ஒன்று இருக்கிறதாம், அதைத் தாண்டினால் நேற்றைக்குப் போய்விடலாம். "அப்போ புதன்கிழமை சம்பளம் ரெண்டு தடவை குடுப்பாங்களா?" என்று ஏறும் முன்பு மச்சான் லூர்துவிடம் கேட்டேன். "இன்னா மச்சான் நீ, போய்ச் சேருறதுக்குள்ளயே யூனியன் ஆரம்பிக்கிற" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டான்.

லூர்து என் தங்கச்சி வீட்டுக்காரன். ஆக்லாந்தில் கிரேன் ரிப்பேர் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. நான் அங்கே போனது தங்கச்சி மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு. கோலார் தங்க வயலில் ஒரு மாசம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். வந்த இடத்தில் காண்ட்ராக்டருக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. நியுவே தீவில் ஒரே ஒரு படகுத்துறை, அதில் ஒரே ஒரு பெரிய கிரேன், அதன் இரும்பு ரோப் நைந்து போச்சு. புது ரோப் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அதன் முனையைக் கொக்கியோடு பூட்டுகிற வேலை தெரிந்தவர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். லூர்து சும்மா இருப்பானா? "எங்க மச்சான் ராயப்பன் இருபத்தாறு வருசமா அதைத்தான் பண்றாரு" என்று சொல்லிவிட்டான்.

சொன்னது பொய்யில்லை. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் நான் ரோப் செக்‌ஷன். பாதாளத்துக்கு ஆட்களை இறக்குகிற கேஜ் ஒரு இரும்பு ரோப்பில் தொங்கும். அந்த ரோப்பின் முனையை ஒரு கூம்புக் குவளைக்குள் விட்டு, துடைப்பம் மாதிரி விரித்து, வெள்ளை உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி இறுக்க வேண்டும். கேப்பிங் என்போம். அந்த ஒரு குவளையை நம்பித்தான் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் கீழே போவார்கள். ஆனால் தங்கம் குறைந்துபோய், மைன்ஸை இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று வருஷக்கணக்காகப் பேச்சு. எனக்கு நாற்பத்தேழு வயசு. தங்கம் தோண்டாத இடத்தில் இந்தக் கைக்கு ஏதாவது விலை உண்டா என்பதுதான் அப்போது என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. அதனால்தான் உடனே தலையாட்டினேன். கடல் பயம் எனக்கு உண்டு என்பது தலையாட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது.

விமான நிலையத்தில் பாதி தீவு நின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு விமானம்தான், அதனால் அன்றைக்கு அது திருவிழா. கிரேன் ஓட்டும் ஃபிலிப்போ வந்து என் கழுத்தில் சோழி மாலை போட்டார். ஆள் ஆறடி, தோள் இரண்டும் அரிசி மூட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? மீதி ஆள் அடுத்த வாரம் வருதா?" என்றார். எனக்கு எடை ஐம்பத்திரண்டு கிலோ. "சுரங்க ஷாஃப்ட்டுக்குள்ள இவ்வளவுதான் கொள்ளும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த கோழி பறந்தது.

அவர் வீட்டில்தான் எனக்கு ஜாகை. வீடு முழுக்க ஆக்லாந்து சொந்தக்காரர்கள், வராண்டாவில் வரிசையாகப் பாய். என்ன விசேஷம் என்று கேட்டேன். மகள் ஈவிக்குத் திங்கட்கிழமை காதுகுத்தாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தின் அந்தக் கோடியிலும் காதுகுத்தா? ஆமாம், பெண்பிள்ளைக்குக் காதுகுத்து, ஆண்பிள்ளைக்கு வருஷக்கணக்கில் வளர்த்த முடியை வெட்டுவது, இரண்டும் அங்கே கல்யாணத்துக்குச் சமம். "தாய்மாமன் மடியில உக்கார வைப்பீங்களா?" என்று கேட்டேன். ஃபிலிப்போவின் மனைவி லோசா என்னை விநோதமாகப் பார்த்து, "ஏன், பிள்ளைக்குத் தனியா உக்காரத் தெரியாதா?" என்றார். சரி, எல்லாமே ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறதா என்ன.

விஷயம் இதுதான். விருந்துக்கு வேண்டிய கோழிப் பெட்டி, மாவு, சர்க்கரை எல்லாம் வெள்ளிக்கிழமை வரும் கப்பலில். கப்பல் கரைக்கு வராது, வெளியே நிற்கும். படகுகள் போய்ச் சாமான் எடுத்துவர, கிரேன் அதை மேலே தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தீவில் ஒருத்தரும் துரும்பைத் தூக்க மாட்டார்கள், மீன்கூடப் பிடிக்கக் கூடாது. ஆக, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடும். செவ்வாய் விமானத்தில் சொந்தக்காரர்கள் ஆக்லாந்துக்குத் திரும்பிவிடுவார்கள். "மூணு வருஷமா இதுக்குப் பன்னி வளர்க்கிறேன்" என்றார் லோசா. அவர் அதைச் சொன்ன விதம், ரோப் வேலை நடக்காவிட்டால் பன்றிக்குப் பதில் யார் அடுப்பில் போவது என்பதைத் தெளிவாக்கிவிட்டது.

புதன்கிழமை புது ரோப்பைச் சுருளிலிருந்து பிரித்து எண்ணெய் போட்டோம். மத்தியானம் வேலை இல்லை. ஃபிலிப்போவின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பினேன். ஒரே ஒரு சுற்றுச் சாலை. எதிரே வருகிற ஒவ்வொருத்தரும் கை ஆட்டுவார்கள், நாமும் ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்களாம்.

தீவு என்றதும் மணல், அலை என்றுதான் நினைத்திருந்தேன். இது முழுக்க ஒரே பாறை. பவளப்பாறை எப்போதோ கடலைவிட்டு எழும்பி நின்று நாடாகிவிட்டது. ஓரமெல்லாம் செங்குத்து, உள்ளே காடு, பாறையில் எங்கு பார்த்தாலும் பொந்து, குகை. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழையெல்லாம் நேராகக் கீழே இறங்கிவிடும், குழாய் போட்டு மேலே இழுக்கிறார்கள். குழாயடியில் குடத்தோடு வரிசை நிற்கிற ஊர்க்காரன் நான், இங்கே குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியதில் கொஞ்சம் வயிறு எரிந்தது. பழக்கதோஷம், ஒரு கல்லை உடைத்து நக்கியும் பார்த்தேன். தங்கமாவது ஒன்றாவது, வெறும் சுண்ணாம்பு.

பாதிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. தள்ளிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் போனால், பத்து வீட்டில் ஏழு வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் கல்லறைகள் மட்டும் சுத்தமாக வெள்ளையடித்து இருக்கின்றன. என்னடா இது, ஊரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களா என்று நின்றபோது, சேப்பங்கிழங்குத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரில் வந்தார். ஸ்கூட்டரைத் தூக்கிப் பின்னால் போட்டார், என்னை முன்னால் உட்கார வைத்தார்.

"எல்லாரும் ஆக்லாந்துல இருக்காங்க" என்றார். "எங்க பாஸ்போர்ட்டே நியூசிலாந்து பாஸ்போர்ட். இங்க ரெண்டாயிரம் பேர், அங்க இதைவிடப் பல மடங்கு."

"எங்க ஊர்லயும் பொழுது விடிஞ்சா பெங்களூர் ரயில்ல பாதி ஊர் போயிடும்" என்றேன். "ஆனா ராத்திரி திரும்பிடும்."

"குடுத்து வெச்சவங்க" என்றார்.

பேச்சுக் கொடுத்தேன். தன்னாட்சி, ஆனால் பாதுகாப்புக்கும் பணத்துக்கும் நியூசிலாந்து. பதினாலு கிராமம், கிராமத்துக்கு ஒரு உறுப்பினர், பொதுவில் ஆறு பேர், மொத்தம் இருபது பேர் கொண்ட பார்லிமெண்ட். ஒரு பிரதமர், மூன்று மந்திரி. கிழங்கும் தேங்காயும் கொஞ்சம் தேனும் வெளியே போகும். தபால்தலை அடித்து உலகத்தில் சேகரிக்கிறவர்களுக்கு விற்பார்கள். மற்றபடி வேலை என்றால் அரசாங்க வேலைதான். எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரில் வீடு, விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் மைன்ஸ். இங்கே மைன்ஸுக்குப் பதில் கவர்மெண்ட். "உங்க கிராமத்து எம்.பி. எப்படி? கண்ணுல படுவாரா, இல்ல ஓட்டுக்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். பெரியவர் வண்டியை நிறுத்தி, கையிலிருந்த சேற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கை நீட்டினார். "நான்தான்" என்றார். எங்கள் ஊரில் ஒரு மனு கொடுக்க மூன்று நாள் காத்திருந்து, கடைசியில் எங்கள் எம்.பி. காரின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான். இந்த எம்.பி. என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் ஊற்றிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை பழைய ரோப்பைக் கழற்றிப் புதுசைச் சுற்றினோம். சாயங்காலம் லோசா இரண்டு தேங்காய் நண்டு வைத்தார். நண்டு என்றால் நம் ஊர் நண்டு இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பூனை அளவு, மரம் ஏறுமாம். பப்பாளியும் சேப்பங்கிழங்கும் அடுக்கி, தேங்காய்ப் பால் ஊற்றி, சூடான கல்லுக்கடியில் வேகவைத்த ஒன்றும் வந்தது. கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன், கனம், வழுவழுப்பு, அப்படியே நம் ராகிக் களிக்குத் தம்பி. உருட்டி விழுங்கினேன். "மெல்லலையா?" என்று ஈவி கேட்டாள். "எங்க ஊர்ல மென்னா சிரிப்பாங்க" என்றேன். அன்றிலிருந்து அந்தக் குழந்தையும் உருட்டி விழுங்க ஆரம்பித்து, லோசாவிடம் திட்டு வாங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் கப்பல் வந்து நிற்கிறது. ஊரே கரைக்கு வந்துவிட்டது. நான் குவளையைப் பொருத்தி, ரோப் முனையைக் கட்டி, கம்பிகளை விரித்து, கிருஷ்ணாயில் போட்டுக் கழுவி, உலோகத்தை அடுப்பில் ஏற்றினேன். உலோகம் சரியான சூட்டுக்கு வந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காய்ந்த மூங்கில் குச்சியை முக்கி எடுப்போம். பழுப்பானால் ஊற்றலாம். கருகினால் சூடு அதிகம். மூங்கில் இல்லை. என்ன பெரிய மூங்கில் என்று லோசாவின் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டேன். எங்கள் வீட்டுத் துடைப்பமும் அதே ஈர்க்குதான், கையில் எடுத்ததும் சொந்த வீட்டில் நிற்கிற மாதிரி ஒரு தைரியம். முக்கினேன், குச்சி பழுப்பாகவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினேன். பழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம். ஒரு வழியாகப் பழுத்தது, ஊற்றினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஆறின பிறகு பார்த்தேன். உலோகத்தின் முகம் மங்கிச் சொரசொரவென்று இருந்தது, கம்பி உள்ளே போகிற இடத்தில் கருப்பு. சூடு மீறிப்போன அடையாளம். துடைப்பத்திலிருந்து இன்னொரு குச்சியை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை, வளைந்தது. முந்தாநாள் கட்டின துடைப்பம், ஈர்க்கு இன்னும் பச்சை. பச்சைக் குச்சி எங்கே சீக்கிரம் பழுக்கும்? இருபத்தாறு வருஷ அனுபவஸ்தன் உலோகத்தைக் காய்ச்சிக் கொன்றிருந்தேன்.

"வெட்டிட்டு மறுபடி ஊத்தணும்" என்றேன்.

ஃபிலிப்போ குனிந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? கெட்டியா இருக்கு."

"இன்னைக்குத் தாங்கும். என்னைக்கு விடும்னு சொல்ல முடியாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வெட்டி, கழுவி, கட்டி, ஊத்தி, தானா ஆறணும். தண்ணி ஊத்தி ஆத்தக் கூடாது. நாளைக்குப் பகல் ஆயிடும்."

கப்பல் தலைவர் வயர்லெஸ்ஸில் ஏதோ கத்தினார். சனிக்கிழமை இருட்டும் வரை நிற்பேன், ஒரு நிமிஷம் கூட நிற்க மாட்டேன் என்றாராம். அன்று சாயங்காலம் லோசா என் தட்டை வைத்த சத்தம் சாம்பியன் ரீப்ஸ் வரை கேட்டிருக்கும். துடைப்பத்தின் மேல் பழி போட நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். "தப்பு என்னோடதும்மா" என்றேன். அவர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் கிழங்கு மட்டும் வழக்கம்போல் இரண்டு வைத்திருந்தார். எனக்கு அன்றைக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. தங்கம் இல்லாத இடத்தில் என் கைக்கு என்ன விலை என்று கேட்டேனே, இதுதான் பதில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். ஒரு பழைய பெட்டிப் பலகையிலிருந்து காய்ந்த சிராய் ஒன்று உடைத்து, வாயில் கடித்துப் பார்த்து, உடைகிறதா என்று இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் உலோகத்தில் முக்கினேன். முதல் முக்கிலேயே பழுப்பு, நம் வீட்டு வடை நிறம். ஊற்றினேன். யாரும் கை தட்டவில்லை. ஆறினதும் பார்த்தேன், வெள்ளி மாதிரி மின்னியது. அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

கான்கிரீட் கட்டை ஒன்றை மூன்று தடவை தூக்கி இறக்கச் சொன்னேன். குவளைக்குள் ரோப் அசையவில்லை. "சரி, படகுகளை விடலாம்" என்றார் ஃபிலிப்போ. "இருங்க" என்றேன். எங்கள் ஷாஃப்ட்டில் ஒரு வழக்கம். கேப்பிங் போட்ட பிறகு மூன்று டிரிப் கல்லு போகும், நாலாவது டிரிப்பில் கேப்பிங் போட்டவன் ஏற வேண்டும். அவன் ஏறாமல் வேறு ஆள் ஏற மாட்டான். இங்கே சின்னப் படகுகளை ஆளோடு சேர்த்துத்தான் கிரேனில் கடலுக்கு இறக்குகிறார்கள் என்பதை நான் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். "முதல் படகுல நான்தான்" என்றேன்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"கடல்ல இறங்கியிருக்கியா?"

"எங்க ஊர்ல ஏரியே காஞ்சு கிடக்கு."

ஃபிலிப்போ என் மேல் இரண்டு மிதவைச் சட்டையை மாட்டினார். படகில் உட்கார்ந்தேன். கொக்கி தூக்கியது, படகு கரையை விட்டு வெளியே ஆடியது. பத்தாயிரம் அடி ஆழத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினவன் நான், ஏனென்றால் அங்கே கண்ணைத் திறந்தாலும் இருட்டுதான். இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்து தொலைத்தது. அடியில் பாறை தெரிகிறது, மீன் தெரிகிறது, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாம்பு நாலைந்து நெளிவது தெரிகிறது. "பாம்பு! பாம்பு!" என்று கீழே கையைக் காட்டித் தமிழில் அலறினேன். கரை முழுக்கச் சிரிப்பு. "அது கடிக்காது, அது எங்க ஊர்ப் பாம்பு" என்று யாரோ கத்தினார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும், அலை தூக்கினதும், நான் மாதாவைக் கூப்பிட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு மேலே இழுத்தார்கள். தலைக்கு மேலே என் குவளை பளபளவென்று இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

கரையில் கால் வைத்ததும் லோசா கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு இளநீரை நீட்டினார். "பைத்தியமா உனக்கு?" என்றார். முந்தின நாள் ஊற்றினது கெட்டதிலிருந்து என்னிடம் பேசின முதல் வார்த்தை. அதற்குப் பிறகு படகு மேல் படகு. பார்லிமெண்ட் உறுப்பினர் மாவு மூட்டை தூக்கினார், போதகர் கோழிப் பெட்டி தூக்கினார். சூரியன் கடலைத் தொடுகிற நேரத்தில் கடைசிச் சாமான் வலை மேலே வந்தது. கப்பல் ஒரு ஊதல் ஊதிவிட்டுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில். நான் கத்தோலிக்கன், அது புராட்டஸ்டண்ட் கோயில், யார் பார்த்தார்கள். ஓலைத் தொப்பி வைத்த பெண்கள் நாலு குரலில் பாடினபோது கூரை எழும்பிவிடும்போல் இருந்தது. மீதி நேரம் சாப்பாடு, தூக்கம்.

திங்கட்கிழமை ஈவியை வெள்ளைச் சட்டையில், அடுக்கடுக்காகப் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். தனியாகத்தான் உட்கார்ந்தாள். அத்தைக்காரி ஊசியை எடுத்ததும் எங்கள் ஊர்க் குழந்தை மாதிரியே வாயைத் திறந்து வீறிட்டாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் முற்றத்தில் பன்றி, கிழங்கு, மீன், கோழிப் பெட்டி எல்லாம் மலையாகக் குவித்துப் பங்கு பிரிப்பு. ஒருத்தர் நின்று பெயர் பெயராகக் கூப்பிட, பங்கு போய்ச் சேரும். போதகர். பிரதமர், அவரும் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிய மாமன்மார். அதற்கடுத்து, "ராயப்பன், கோலார்" என்றார்கள். நான் பின்னால் திரும்பி வேறு யாரையோ தேடினேன்.

ஃபிலிப்போவே ஒரு முழுப் பன்றித் தொடையை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார். கனம் தாங்கவில்லை.

"அந்தக் குவளை எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

"எங்க மைன்ஸ்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா வெட்டி மறுபடி ஊத்துவோம். இங்க உப்புக்காத்து. ஒரு வருஷத்துக்கு மேல விடக் கூடாது."

"அப்போ அடுத்த வருஷம் எந்த மாசம் வர்றே?"

சாதாரணமாகத்தான் கேட்டார், கிழங்கு எப்போது தோண்டுவது என்று கேட்கிற மாதிரி. எங்கள் ஊரில் என்னிடம் அடுத்த வருஷத்து வேலையைப் பற்றி ஒருத்தன் பேசி எத்தனை காலமாயிற்று. அடுத்த மாசத்துக்கு மேல் எவனும் வாயைத் திறப்பதில்லை. இவர் மாசம் கேட்கிறார்.

"மாசத்தை நீங்க சொல்லுங்க, நான் வர்றேன்" என்றேன். இரண்டு கையிலும் பன்றித் தொடை இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.